வெயில் வீணாகாதாம், அந்த ஃபார்வர்டை நம்பாதீங்க

கடலூர் பக்கம் விவசாய குரூப்கள்ல ஒரு மெசேஜ் சுத்துது, இலையில விழுற வெயில் துளிகூட வீணாகாது, அதனால நாத்துக்கு நிழல்வலை தண்டச் செலவுன்னு. சுத்தத் தப்பு. பல செடிக்கு உச்சி வெயில்ல பாதிகூடத் தேவைப்படாது, மிச்சத்தை உள்ளயே வச்சிருந்தா ஆக்சிஜன் கெட்ட வடிவத்துக்கு மாறி இலையையே பதம் பாத்துரும், அதான் செடி அதை வேணும்னே சூடா மாத்தி வெளிய தள்ளுது. வெயில் மிஞ்சும்போது, இலைக்குள்ள பச்சையம் இருக்கற தைலகாய்டுங்கிற குட்டிப் பைக்குள்ள அமிலம் ஏற ஏற வயலோசாந்தின்னு ஒரு மஞ்சள் நிறமி சியாசாந்தின்ங்கிற இன்னொரு நிறமியா மாறி மிச்சத்தைச் சூடாக்க உதவும், பிஎஸ்பிஎஸ்ங்கிற புரதமும் கைகொடுக்கும், எல்லாம் சில நிமிஷத்துல. (1-2 சதவீதம் மங்கலான சிவப்பு ஒளியாவும் போகுது, நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது.) ஆனா இப்படி மிச்ச வெயிலை வெளிய தள்ளுறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல? பண்ருட்டியில நிழல்ல வளர்ந்த பலாக்கன்னை திடீர்னு வெட்டவெளியில நட்டா இலை வெளுத்துப்போகும், அதனால வலையை ஒரேயடியா உருவாம கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்குங்க.