பீரோவுக்குள் இருக்கும் பந்து

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், என் மகள் அங்கேதான் ஏழாவது படிக்கிறாள். போன மாதக் கூட்டத்தில் ஏதோ ஒரு பதிவேட்டை எடுக்கத் தலைமையாசிரியர் பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் இரண்டு வாலிபால், ஒரு கால்பந்து. வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன், விரல் அப்படியே உள்ளே போனது, காற்றெல்லாம் இறங்கிவிட்டது. இருப்புப் பதிவேட்டில் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதத் தேதி. அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பையன்கள் ஒரு துணிப் பந்தை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி இறுக்கிச் சுற்றிய பந்து.

ஏன் சார் வெளியே எடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "பந்து கிழிஞ்சா ஆடிட்ல நான்தான் தம்பி பதில் சொல்லணும்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. விளையாடினால் பந்து கிழியத்தான் செய்யும், அது கிழிவதற்காக வாங்கின பொருள். ஆனால் அரசு கொடுக்கும் விளையாட்டு மானியம் அதை ஒரு மேஜை நாற்காலி மாதிரி எண்ணிப் பத்திரமாக வைக்கச் சொல்கிறது.

இந்த மானியம் என்னவென்று பல பெற்றோருக்கே தெரியாது, அதனால் சொல்கிறேன். 2018ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் (தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி) விளையாட்டுக்கென்று தனியாக நிதி உண்டு. தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை. எங்கள் பள்ளியில் 200 பிள்ளைகள், ஆக ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு 50 ரூபாய். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் 60 பிள்ளைகள் இருந்தாலும் அதே 10,000தான், 400 பேர் இருந்தாலும் அதே 10,000தான். தொகை குறைவு என்பது ஒரு பக்கம். அதைவிட என்னை உறுத்துவது, எங்களுக்கு அது வந்து சேர்ந்தது மார்ச்சில், முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில். நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றும் கொடுத்தாக வேண்டும், அப்போது யார் உட்கார்ந்து யோசித்து வாங்குவார்கள்? கடைக்குப் போய் பந்து, ஸ்கிப்பிங் கயிறு, ஒரு கேரம் போர்டு என்று பில் போட்டு வாங்கி வந்து பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். பள்ளி திறக்கும் ஜூனில் அந்தப் பணம் வந்திருந்தால் கதையே வேறு.

சரி, பந்து வெளியே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யார் சொல்லிக் கொடுப்பது? கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதையொட்டித்தான் தமிழ்நாட்டில் 2012ல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள், உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி எல்லாம் சேர்த்து. அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2024ல் 12,500 ஆனது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மே மாதம் சம்பளம் கிடையாது என்றே பல வருஷம் இருந்தது. நிரந்தரம் செய்யுங்கள் என்று அவர்கள் வருஷக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக்கு வரும் பி.டி. சாரை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். குறுவட்டப் போட்டிக்கு (சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் போட்டி) முந்தின வாரம் மைதானத்தில் ஓடுபாதை போட வேண்டும், பள்ளியில் சுண்ணாம்புப் பவுடர் இல்லை. தன் வீட்டிலிருந்து கோலமாவு இரண்டு பொட்டலம் கொண்டு வந்தார். ஒரு முனையில் என் மகளைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குனிந்தபடியே கோட்டை இழுத்துக்கொண்டு போனார். பாதியில் மாவு தீர்ந்துவிட்டது, மீதிக்குச் செருப்பு முனையால் மண்ணைக் கீறினார். போட்டி நாளன்று 18 பிள்ளைகளைக் கூட்டிப்போக வேன் வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் அவர் கையிலிருந்துதான், பெற்றோர் நாலு பேர் அப்புறம் பங்கு போட்டோம். அப்போது 12,500 ரூபாய் வாங்கிய மனிதர்! இந்தச் செலவெல்லாம் மானியத்தில்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு வந்த பணம் முழுக்கப் பொருளாகப் போய் பீரோவில் உட்கார்ந்துவிட்டதே.

மாரியப்பன் தங்கவேலுவை எல்லோரும் கொண்டாடுகிறோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி, ஐந்து வயதில் வலது கால் மேல் பஸ் ஏறி நசுங்கிய பிள்ளை, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்தப் பையனிடம் தாண்டுகிற திறமை இருக்கிறது என்று முதலில் கண்டவர் யார்? பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகள் ஓடும்போதும் குதிக்கும்போதும் தினமும் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆள் இருந்தால்தான் அது நடக்கும்.

இதில் இன்னொன்று. மத்திய அரசு நடத்தும் கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகளில் ஒரு பள்ளியின் குறைந்தது இரண்டு மாணவர்கள் தேசிய அளவில் பதக்கம் வாங்கினால் அந்தப் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரை கூடுதல் மானியம் தரலாம் என்று இதே திட்டத்தில் வழி இருக்கிறது. ஜெயித்தவர்களுக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மைதானமே இல்லாத பள்ளி எப்போது பதக்கம் வாங்கி எப்போது அந்தப் பணத்தைப் பார்ப்பது? இல்லாதவனுக்கு முதலில் கொடுப்பதுதான் மானியம் என்று நான் நினைத்திருந்தேன்.

இங்கிலாந்தில் 2012 லண்டன் ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருஷமே தொடக்கப் பள்ளிகளின் உடற்கல்விக்கென்று ஒரு நிதியைத் தொடங்கினார்கள். சர்க்கரை பானங்கள் மேல் போடவிருந்த வரியை நம்பி 2017ல் அதை இரண்டு மடங்காக்கி 32 கோடி பவுண்டு ஆக்கினார்கள். பள்ளிக்கு 16,000 பவுண்டு, அதற்கு மேல் பிள்ளை ஒன்றுக்கு 10 பவுண்டு. அவர்கள் பணக்கார நாடு, தொகையை நான் ஒப்பிடவில்லை. தலை எண்ணிக் கூடுதலாகக் கொடுத்தார்கள், எதற்குச் செலவானது, பிள்ளைகளுக்கு என்ன பலன் என்று ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்றார்கள். இந்த இரண்டுக்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை, நாமும் செய்யலாம்.

நமக்கோ 2024-25ல் பி.எம்.ஸ்ரீ (தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசுத் திட்டம்) ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, இதே சமக்ர சிக்ஷாவில் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எப்படி நினைத்தாலும் சரி, பள்ளிக்கு வர வேண்டிய காசைப் பிடித்து வைத்தால் அடி விழுவது பிள்ளைகளுக்குத்தான்.

பீரியட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.டி. பீரியட்டைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக மேடையிலேயே கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மகளின் வகுப்பில் இப்போதும் கடன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஐந்து முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், இவளுக்கு வாரத்துக்கே இரண்டு பீரியட், அதிலும் ஒன்று கணக்குக்குப் போய்விடுகிறது.

வருகிற கூட்டத்தில் நான் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். பந்து கிழிந்தால் 'பயன்படுத்தியதில் தேய்ந்தது' என்று குழுவே கையெழுத்துப் போட்டுக் கழித்துவிடும், தலைமையாசிரியர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மானியத்தில் கோலமாவுக்கும் வேனுக்கும் செலவழிக்க அனுமதி கேட்டு மேலே கடிதம் எழுதப் போகிறோம், பி.டி. சாரின் கைக்காசையும் கணக்கில் எழுதி அதோடு இணைக்கப் போகிறோம். நீங்களும் உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போனால் அந்த இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாங்கிய தேதி கட்டாயம் இருக்கும், பந்து கடைசியாக மைதானத்துக்குப் போன தேதி இருக்கிறதா என்று பார்த்து இங்கே கமெண்டில் எழுதுங்கள்.