இத்தாலி விவகாரம்: ஒரு திருத்தம்

உயிரித்தொழில்நுட்பக் கண்டுபிடிப்புகளின் காப்புரிமை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 98/44 டைரக்டிவை (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக்க வேண்டிய உத்தரவு) இத்தாலி சட்டமாக்காததால் 2006 வரை அங்கே உயிரித்தொழில்நுட்பக் காப்புரிமையே கிடையாது, அபராதமும் விழுந்தது என்கிறீர்கள். முதலாவது தவறு. மியூனிக்கிலுள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பே அல்ல (பலரும் குழம்பும் இடம்). டைரக்டிவின் விதிகளை அது 1999 செப்டம்பரிலேயே தன் விதிமுறையில் சேர்த்துக்கொண்டது. அங்கே வாங்கிய காப்புரிமைக்கு இத்தாலிய மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்தால் இத்தாலியிலும் செல்லும்.

சிக்கல் வேறு. டைரக்டிவைச் சட்டமாக்க நாடுகளுக்கிருந்த கெடு 2000 ஜூலை 30. "ஒழுக்கத்துக்கு எதிரானதற்குக் காப்புரிமை இல்லை என்று எங்கள் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறதே" என்றது இத்தாலி. ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2005 ஜூன் 16 தீர்ப்பு அதை ஏற்கவில்லை: மனிதக் குளோனிங், வணிகத்துக்கு மனிதக் கருவைப் பயன்படுத்துவது போன்றவற்றைச் சட்டம் பெயர் சொல்லியே விலக்க வேண்டும், பொத்தாம்பொதுவான வரி போதாது. அபராதமா? அன்றைய விதிப்படி அதற்குத் தீர்ப்பை மதிக்கவில்லை என்று இரண்டாவது வழக்கு வேண்டியிருந்தது. இத்தாலியிலோ 2006 ஜனவரியிலேயே டைரக்டிவை நிறைவேற்றும் அவசரச் சட்டம் வந்துவிட்டது.