ஆய்வுப் படகில் ஒரு கலைஞருக்கும் இடம் வேண்டும்

நம்ம காவிரி டெல்டாவில் சுற்றுச்சூழல் ஆய்வு நடந்தால் கலைஞர்களை எப்போது கூப்பிடுகிறார்கள்? எல்லாம் முடிந்த பிறகு. அறிக்கை அச்சாகி, நிதியும் கொஞ்சம் மிச்சமிருந்தால், பறையடிக்கும் நாலு பேரை வரவழைத்து விழிப்புணர்வு நிகழ்ச்சி வைப்பார்கள். வேதாரண்யம் பக்கம் அப்படி ஒன்றைப் பார்த்தேன். என்ன பேச வேண்டும் என்று தட்டச்சு செய்த தாளைக் கையில் கொடுத்திருந்தார்கள். ஆடியவர் கடைமடை ஊர்க்காரர். தன் கிணற்றுத் தண்ணீர் உப்பேறிய கதையை அவரே நாள் முழுக்கச் சொல்வார். தாளில் அது இல்லை, அவரும் சொல்லவில்லை.

துருவப் பகுதிகளில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1910இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஸ்காட் தலைமையில் அண்டார்டிகா போன குழுவில் எட்வர்டு வில்சன் இருந்தார். மருத்துவர், விலங்கியலாளர், ஓவியர் எல்லாம் அவர் ஒருவரே. வெளியே நீர்வண்ணம் உறைந்துவிடும் என்பதால் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் என்ன நிறம் என்று எழுதிவைத்துக்கொண்டு, குடிலுக்குத் திரும்பித்தான் வண்ணம் தீட்டினார். உறைபனியில் நின்று வரைந்ததும் அந்தப் பயணத்தின் ஆய்வு வேலைதான். 2003இல் 'கேப் ஃபேர்வெல்' என்ற அமைப்பு கடலியலாளர்களையும் கலைஞர்களையும் ஒரே பாய்மரக் கப்பலில் வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அழைத்துப் போனது. அறிக்கை வரட்டும், பிறகு படம் போடலாம் என்று யாரும் கரையில் காத்திருக்கவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞரும் மினிக் ரோசிங் என்ற புவியியலாளரும் சேர்ந்து செய்த வேலை. கிரீன்லாந்துக் கரையோரம் உடைந்து மிதந்த பனிப்பாளங்களில் 12ஐ எடுத்துவந்து, 2015 டிசம்பரில், காலநிலை மாநாடு நடந்த பாரிஸின் ஒரு சதுக்கத்தில் கடிகார எண்களைப் போல வட்டமாக வைத்தார்கள். மக்கள் தொட்டார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். பனி உருகும்போது உள்ளே அடைபட்ட பழங்காலத்துக் காற்று படபடவென்று வெடித்து வெளியேறும். இப்படிப்பட்ட குமிழிகளைக் கொண்டுதான் அண்டார்டிகாவில் 8 லட்சம் ஆண்டுக் காற்றை அளந்தார்கள். அந்த ஆண்டுகளில் தொழிற்புரட்சிக்கு முன்பு வரை கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்று 420க்கும் மேல். அந்தப் பாளங்களைக் கொண்டுவர எரித்த எண்ணெய்க்கு யார் கணக்குச் சொல்வது என்று விமர்சனமும் வந்தது. நியாயமான கேள்விதான்.

துருவத்துக்கும் நமக்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும் பனிப்படலம் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் பக்கத்துக் கடல் தாழும், தொலைதூர வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். கோடியக்கரைக்கு வலசை வரும் உள்ளான் பறவைகளில் பல முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடித் துருவ வெளியில். அங்கே பருவம் தப்பினால் இங்கே சதுப்பில் தெரியும்.

டெல்டா உப்பேறுவதற்கு எல்லாப் பழியையும் துருவத்தின் மேல் போடவும் முடியாது. அணைகளில் வண்டல் தங்கிவிடுகிறது, போர்வெல் போட்டு நன்னீரை உறிஞ்சுகிறோம், இறால் குட்டைகள் வேறு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல விஞ்ஞானி வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கருவி எடுத்துக்கொள்ளாத விஷயங்கள் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, விழுந்த தென்னைகளை இழப்பீட்டுக்காக எண்ணினார்கள். எந்த மரத்தை நம்பி எந்த மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தார்கள் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஒப்பாரி பாடும் பெண் அதைப் பாட்டில் வைப்பாள். கச்சான் காற்று எந்த மாதம் எழ வேண்டும், இப்போது எப்போது எழுகிறது என்று மீனவர்கள் பேசிக்கொள்வதைக் கூத்துக்காரர் உட்கார்ந்து கேட்பார். அந்தப் பேச்சிலிருந்து விஞ்ஞானிக்கு அடுத்த கேள்வி பிறக்கலாம்.

பாட்டுப் பாடினால் உப்பு இறங்குமா என்பீர்கள். இறங்காது. கதவணை வேண்டும், வண்டல் வேண்டும், இறால் பண்ணைக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் எந்த ஊருக்கு முதலில் கதவணை என்று முடிவாகும் இடத்தில், யாருடைய துயரம் காதில் விழுந்திருக்கிறதோ அந்த ஊர்தான் முந்திக்கொள்கிறது.

1981 முதல் இந்தியா அண்டார்டிகாவுக்குக் குழு அனுப்புகிறது. மைத்ரி, பாரதி என்று அங்கே இரண்டு நிலையங்கள், வடக்கே ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி. அந்தக் குழுக்களில் கலைஞர்களுக்கும் நிலையான இடம் ஒதுக்க வேண்டும். அதுவரை டெல்டா காத்திருக்க வேண்டியதில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகும் படகில் நாளைக்கே ஒருவரை ஏற்றலாம். உப்பு உச்சத்துக்கு ஏறும் சித்திரை வைகாசியிலும் போகட்டும், புயல் காலமான ஐப்பசி கார்த்திகையிலும் போகட்டும். ஒரு வருஷமாவது கூடவே இருக்கட்டும். ஆய்வு உதவியாளருக்கு என்ன சம்பளமோ அதையே அவருக்கும் கொடுங்கள்.