சந்தா விலைக்கும் இன்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு குறித்து

பலருக்கும் மொத்தமாக மடல் அனுப்பித் தரும் சேவைகளில், குறைந்த விலையுள்ளவை வழியாக அனுப்பப்படும் மின்னஞ்சல்கள் ஸ்பேமுக்கே செல்லும், கூடுதல் கட்டணம் செலுத்தினால்தான் இன்பாக்ஸில் சேரும் என்று ஒரு கருத்து உலவுகிறது. பலரும் இதை ஏற்றுப் பகிர்ந்திருப்பதால், பணிவுடன் ஒரு திருத்தம்.

மடல் எங்கே சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெறுபவரின் மின்னஞ்சல் நிறுவனம். நாம் செலுத்தும் சந்தா எவ்வளவு என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தி வரும் விதிகளின்படி, அனுப்புநர் எவராயினும் எஸ்.பி.எஃப். (நம் டொமைன், அதாவது இணைய முகவரியின் பெயரில் எந்தச் சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டி.கே.ஐ.எம். (மடலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்) சான்று வைத்திருக்க வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களோ அதற்கு மேலோ அனுப்புவோருக்கு இவ்விரண்டோடு டிமார்க்கும் (இச்சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளர் அறிவிக்கும் விதி) கட்டாயம். ஸ்பேம் புகார் விகிதமும் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. சேவை நிறுவனத்தின் சர்வர்களுக்குள்ள நற்பெயரும் ஓரளவு கணக்கில் வரும் என்பது உண்மையே. ஆனால் அந்த நற்பெயரை விலைப்பட்டியலை வைத்து அளவிட முடியாது.

இதை எவரும் சரிபார்க்கலாம். நீங்கள் பரிசீலிக்கும் சேவையின் இலவசத் திட்டத்திலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மடல் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைச் சொடுக்குங்கள். மேற்பகுதியில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகியவற்றுக்கு நேரே 'பாஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். டி.கே.ஐ.எம். வரியில் உங்கள் டொமைனுக்குப் பதிலாகச் சேவை நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், உங்கள் டொமைனின் டி.என்.எஸ். அமைப்பு (இச்சான்றுகள் பதியப்படும் பொதுப் பதிவேடு) இன்னும் முழுமையடையவில்லை என்று பொருள்; விலை உயர்ந்த திட்டத்துக்கு மாறினாலும் அந்த வரி தானாக மாறிவிடாது.