சான்றிதழ் கேட்டவருக்கு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு நாட்டுப்புறக் கலை முகாமைக் குறை சொல்லி ஒருவர் போட்ட பதிவை ஏழு பேர் எனக்கே அனுப்பி, "இது நீங்க போன முகாம்தானே?" என்று கேட்டாகிவிட்டது. ஆமாம், நான் போன முகாம்தான். நத்தம் பக்கத்து மாந்தோப்பு, 5 நாள், 22 குடும்பம். அக்னி நட்சத்திரத்தில் மாமரத்து நிழலில் உட்கார்ந்து எழுந்தவர்களில் நானும் என் வீட்டுக்காரரும் மகளும் அம்மாவும் அடக்கம். எழுதியவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் கேட்டிருப்பது இதுதான்: குடும்பத்துக்கு 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பிள்ளைக்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுக்கவில்லை, கடைசி நாள் மேடை நிகழ்ச்சி இல்லை, என் பையன் அங்கே என்னதான் கற்றுக்கொண்டான்?

பையன் இருக்கட்டும் சார். நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்?

அது குடும்ப முகாம். அறிவிப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், பெரியவர்களும் ஆட வேண்டும், பாட வேண்டும், கதை சொல்ல வேண்டும் என்று. பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டு ஓரமாக நின்று படம் பிடிப்பதற்கு ஊரில் ஆயிரம் சம்மர் கிளாஸ் இருக்கிறது. காலையில் கீபோர்டு, மத்தியானம் செஸ், சாயங்காலம் ரோபோ. அங்கே போயிருக்கலாம். சான்றிதழ் தருவார்கள். கப்பும் தருவார்கள், எல்லாருக்கும் முதல் பரிசு.

முதல் நாள் காலை ஒயிலாட்டம். ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற அண்ணாவி ஆளுக்கொரு கலர்த் துணியைக் கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னார். அது காலங்காலமாக ஆண்கள் ஆடிய ஆட்டம், பெண்கள் வரிசையில் சேர்ந்தது பிற்பாடுதான். ஆனால் அன்றைக்கு வந்து நின்றது யார்? பிள்ளைகள், அம்மாக்கள், என் அம்மாவோடு சேர்த்து மூன்று பாட்டிகள். அப்பாக்களுக்கு மட்டும் ஒரே நேரத்தில் முட்டி வலி வந்துவிட்டது. ஒருவர் மாமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்து ஆபீஸே வைத்துவிட்டார். பதிவு போட்ட நம் நண்பர் ஸ்டாண்டு நட்டு மகனை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பையன் ஒவ்வொரு அடிக்கும் கேமராவைத் திரும்பிப் பார்த்தான். அண்ணாவி பாடினால் திரும்பப் பாட வேண்டும், தவிலைக் காதில் வாங்கிக் காலை எடுத்து வைக்க வேண்டும். அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுகிற பிள்ளைக்கு எப்படித் தாளம் பிடிபடும்?

என் வீட்டுக்காரர் ஆடினார். கேவலமாக ஆடினார், அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் வலப்பக்கம் திரும்பும்போது இவர் இடப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற பாட்டியின் மூக்கில் துணியை வீசினார். இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் சரியாகத் திரும்பியபோது எங்கள் மகள் கத்திய கத்தலில் தோப்பில் இருந்த காக்காயெல்லாம் பறந்துபோயின. பதினோரு வருஷமாக இவரை மீட்டிங்கிலும் ஃபோனிலும் மட்டுமே பார்த்த பிள்ளை அது. இதற்கு யார் சான்றிதழ் தருவது, எந்த அளவில் லேமினேட் பண்ணுவது?

"அளவுகோல் வேண்டாமா, காசு கொடுத்தவன் கேட்கக் கூடாதா" என்று பலர் கமென்டில் கேட்டிருக்கிறார்கள். கேட்கலாம். ஆனால் சான்றிதழைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள், எனக்கு அதில் அனுபவம் ஜாஸ்தி.

நான் ஆறு வருஷம் பரதநாட்டியம் படித்தவள். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் சைக்கிளில் போய்வருவேன். சலங்கை பூஜைக்கு அப்பா சொசைட்டியில் கடன் போட்டார். புடவை, நகை செட், வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம், வீடியோ. சான்றிதழ் பீரோவில் இன்னும் இருக்கிறது, தங்க எழுத்தில். அந்தக் கலை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் வீட்டின் மேல்தான். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட "எங்கே, ஆடிக் காட்டு" என்று கூடத்தில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. "எந்த கிரேடு?" என்று மட்டும் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அந்தச் சான்றிதழ் ஒருமுறை வெளியே வந்தது. அதோடு சரி. இன்றைக்கு முதல் உருப்படியான அலாரிப்பைத் தாண்டி எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

என் அம்மா எட்டாவது வரைதான் படித்தவர். முகாமில் இரண்டாம் நாள் சாயங்காலம் கும்மிக்கு இறங்கினார். குனிந்து நிமிர்ந்து முக்கால் மணி நேரம். பாட்டு ஒன்று முடியும்முன் அடுத்ததை எடுத்துவிடுகிறார். கற்றுக்கொடுக்க வந்த அக்காவே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்து நான்கு வருஷமாக இந்த அம்மாவோடுதான் இருக்கிறேன், இத்தனை பாட்டு உள்ளே இருக்கிறது என்று தெரியாது. "ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றேன். "நீ எங்கடி கேட்ட?" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

ராத்திரியில் கதை. கதை சொல்ல வந்த பெரியவருக்கு ஒரே நிபந்தனை, கேட்கிறவர்கள் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார். இது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை, நம் வீடுகளில் எல்லாக் கதையும் இப்படித்தான் சொல்லப்பட்டது. ம் நின்றுபோனால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம், பாட்டியும் நிறுத்திவிடுவாள். வில்லுப்பாட்டிலும் அதுதானே? நெல்லை, குமரிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் கேட்டவர்களுக்குத் தெரியும். கதை பாடுகிற புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட வேண்டும். போடாவிட்டால் கதை அந்தரத்தில் நிற்கும். எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) கரிசல் காட்டில் அத்தனை கதைகளைச் சேகரித்தார் என்றால், உட்கார்ந்து ம் கொட்டித்தான் வாங்கியிருப்பார். நம் நண்பர் ஃபோனைப் பெரியவர் முன்னால் வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டு எழுந்து போனார். "வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டிக்கிறேன்." ஃபோன் ம் கொட்டுமா சார்?

குறைகளே இல்லையா என்றால், இருந்தன. கழிப்பறை மோசம், முழுசாக ஒத்துக்கொள்கிறேன். 22 குடும்பத்துக்கு நான்கு கழிப்பறை எந்தக் கணக்கு என்று அங்கேயே கேட்டேன். மத்தியானச் சாப்பாடு ஒரு நாள் மூன்று மணிக்கு வந்தது. சரி, மேலே போவோம்.

"தெருக்கூத்து என்று போட்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. கூத்துக் கலைஞர் ஒரு நாள் மட்டும் வந்தார், தனியாக வந்தார், குழு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாராவது யோசித்தீர்களா? மே மாதம் அவர்களுக்கு உயிர் போகிற சீசன். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கிற காலம். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து ஆரம்பித்தால் விடியும்வரை. அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏற வேண்டும். கடைசி நாள் மண்ணில் செய்த துரியோதனன் படுத்திருப்பான், படுகளம் முடிந்து பாஞ்சாலி கூந்தல் முடிவாள், அப்புறம் தீமிதி. வருஷச் சாப்பாடே அந்தச் சில மாதச் சம்பாத்தியத்தில்தான். உங்கள் பிள்ளைக்கு லீவு விடுகிற நேரத்தில் அவருக்கு வேலை. அதை விட்டுவிட்டு நத்தத்துக்கு வந்து உங்கள் செல்ஃபிக்கு மேக்கப் போட்டு நிற்க வேண்டுமா? வந்தவர் ராத்திரி ஆட்டம் முடித்து, முகத்து அரிதாரம் காதோரம் மிச்சமிருக்க, பஸ் ஏறி வந்தார். பிள்ளைகளுக்குக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நடை சொல்லிக்கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே திரும்பினார். அவரைத்தான் ஏமாற்று என்கிறீர்கள்.

"முகாம்காரங்ககிட்ட எவ்வளவு வாங்கின?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தான். 9,000 நான்தான் கொடுத்தேன் தம்பி. ரசீது இருக்கிறது. வேண்டுமானால் லேமினேட் பண்ணி அனுப்புகிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தப் பதிவின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. முந்நூறு கமென்டில் அதை யாரும் தொடவே இல்லை. "சாவு வீட்டு மேளத்தையெல்லாம் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள்." போகிற போக்கில், கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே.

மூன்றாம் நாள் காலை பறை. ஆசான் முதலில் அடிக்கவே இல்லை. பிள்ளைகள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். இது மரச் சட்டம், இது மாட்டுத் தோல், ஒட்டியிருப்பது புளியங்கொட்டைப் பசை. அப்புறம் காய்ந்த சருகைக் குவித்துக் கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காட்டி விரலால் சுண்டினார். சத்தம் மந்தமாக இருந்தது, மெல்ல மெல்ல விறைத்து, கணீரென்று ஒன்று வந்தது பாருங்கள், பிள்ளைகள் எல்லாம் ஒரு அடி பின்னால் போய் இரண்டு அடி முன்னால் வந்தார்கள். வலது கையில் தடித்த அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய சிம்புக்குச்சி. சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று சொல்லிக்கொண்டே போனார். 'சாவு' என்ற சொல் வந்ததும் நண்பர் ஸ்டாண்டை மடக்கினார். நேராக வந்து பையன் கையைப் பிடித்து, "எழுந்திரு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை கிளம்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, சான்றிதழ் தரவில்லை என்று பதிவு!

ஐந்து நாள் முகாமில் மூன்று நாள் இருந்துவிட்டுக் கடைசி நாள் நிகழ்ச்சி இல்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? (இருந்தது. மேடை இல்லை, வட்டம். எல்லோரும் ஆடினோம், பார்க்கத்தான் ஆள் இல்லை.)

தொல்காப்பியத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் சொல்லும் கருப்பொருள்களில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்ற வரிசையிலேயே பறையும் வருகிறது. இது மேடையில் பேசும்போது நம் எல்லோருக்கும் தெரியும். 2025-இல் பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது இதே நண்பர் கை தட்டும் படம் போட்டு, 'நம்ம மண்ணின் பெருமை' என்று பகிர்ந்திருந்தார். தேடிப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. பெருமை தூரத்தில் இருந்தால் சரி, மகன் கைக்கு வந்தால் தீட்டு. தீட்டு என்று எழுத மட்டும் கூச்சம். அதனால் சான்றிதழ்.

"அவர் சாதியை மனதில் வைத்துச் சொல்லவில்லை, அபசகுனம் என்றுதான்..." என்று சொல்ல வருகிறவர்களே, சங்கும் சாவுக்கு ஊதுகிறதுதானே, அதைப் பூஜை அறையில் வைத்திருக்கிறீர்களே? விடுங்கள். உங்களோடு இதில் எனக்கு வாதம் இல்லை.

ஏனென்றால் நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பிள்ளைதான். எட்டு வயதில் தாத்தா செத்தபோது ராத்திரி பூரா பறை. சுவருக்குப் பின்னால் நின்று நான் ஆடினேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்து. பெரியம்மா பார்த்துவிட்டார், பொளேரென்று ஒன்று. "பொம்பளப்புள்ள ஆடுற கொட்டாடி அது?" அந்த அடி மறந்துவிட்டது. மறக்காதது வேறு. விடியற்காலையில் அடித்து ஓய்ந்த அந்த ஆட்களுக்கு டீ கொடுத்தனுப்பினார்கள். வீட்டு டம்ளரில் இல்லை, கொட்டாங்குச்சியில். வாசல் தாண்டித் தரையில் வைத்துவிட்டு, தொடாமல் ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வைத்துவிட்டு ஓடிவந்தவள் நான். அதில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், சின்னப் பிள்ளை என்று.

முகாமில் அன்றைக்கு ஆசான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையன் எழுந்த இடத்தைப் பார்த்தார். அடுத்த பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் தளர்வா" என்று திருத்தினார். டீ நேரத்தில் நான் போய் என்னமோ சொல்ல முயன்றேன். "விடுங்கம்மா, பழகிப்போச்சு" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். டம்ளரை ஏன் சார் அவர் கழுவி வைக்க வேண்டும்? அங்கே யாருமே கழுவவில்லையே, எல்லோரும் தொட்டியில் போட்டுவிட்டுத்தானே போனோம்?

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். பரவாயில்லை, அழிக்கப் போவதில்லை.

நண்பரே, இரண்டாம் நாள் சாயங்காலம் என் அம்மா கும்மிப் பாட்டு பாடியபோது நீங்கள் வேப்பமரத்துப் பக்கம் நின்றிருந்தீர்கள். செருப்புக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள், சரியான தாளம். நான் பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தோம், நீங்கள் வரவில்லை.

இன்னொன்று. நான்காம் நாள் காலை நீங்கள் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் பையன் ஓடிவந்து என் மகளிடம் ஒரு சிம்புக்குச்சியைக் கொடுத்தான். ஆசான் அவனுக்கென்று மூங்கிலில் சீவிக் கொடுத்தது. "அப்பா கார்ல விட மாட்டாரு, நீயே வெச்சிரு, நான் அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றானாம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. என் மகள் அதைத் தொட விட மாட்டேன் என்கிறாள், அவன் சாமானாம். கொரியரில் அனுப்பலாமா என்று யோசித்தேன், நீங்கள் பிரிப்பீர்கள். வேண்டாம். அவனே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.