அது வியட்நாம் தோசை இல்லை, பான் செயோ

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் வியட்நாம் போய்வந்து படங்கள் போட்டிருந்தார். ஒரு படத்தில் மஞ்சளாக, ஓரம் முறுகி, பாதியாக மடித்து வைத்த ஒரு பலகாரம். கீழே "வியட்நாம் தோசை. சுமார்தான், உப்பே இல்லை" என்று எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடை நிறைய இலைகள் தொடாமல் கிடந்தன. தொட்டுக்கொள்ளும் கிண்ணமும் வைத்தபடியே நிரம்பி இருந்தது. மனசு கேட்கவில்லை. பாதிக்கு மேல் மிச்சம் வைத்துவிட்டுச் சுமார் என்று சொல்லியிருக்கிறார்.

அதன் பெயர் பான் செயோ. அவித்தாலும் சுட்டாலும் பொரித்தாலும் மாவில் செய்கிற பெரும்பாலானவற்றை வியட்நாமியர் 'பான்' என்பார்கள். நம் 'பலகாரம்' மாதிரி அகலமான சொல். 'செயோ' என்பது காய்ந்த சட்டியில் மாவு விழும்போது எழும் சத்தம். நம் காதில் 'சொய்ங்' என்று விழுவது அவர்கள் காதில் 'செயோ'.

ஊறவைத்து அரைத்த அரிசி மாவு, மஞ்சள் தூள், தேங்காய்ப்பால், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், அவ்வளவுதான். ரவா தோசை மாவு மாதிரி நீர்க்கக் கரைப்பார்கள். உளுந்து கிடையாது, புளிக்க வைப்பதும் கிடையாது. நிறத்தைப் பார்த்து ஆம்லெட் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த மஞ்சள் முட்டையால் வருவதில்லை, மஞ்சள் தூளால் வருவது. மொறுமொறுப்புக்காக மாவில் கொஞ்சம் பீர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டியில் முதலில் பன்றி இறைச்சித் துண்டும் இறாலும் வதங்கும். அதன் மேல் மாவை ஊற்றி, ஆப்பச்சட்டியைச் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று. அப்புறம் வேகவைத்த பாசிப்பருப்பு, ஒரு கை பயறு முளை. மூடி வைத்து ஆவியில் வேகவிட்டு, மூடியை எடுத்தபிறகு ஓரம் சுருண்டு முறுகும்வரை விடுவார்கள். இந்தக் கடைசிக் காத்திருப்பில்தான் நல்ல கடையும் சுமாரான கடையும் பிரிகின்றன.

என் முதல் வியட்நாம் பயணம் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு. ஐந்து நாளும் மூன்று வேளையும் இந்திய உணவகம். பருப்பு, ரொட்டி, பன்னீர். ஊர் திரும்பியபோது அந்த நாட்டின் ஒரு வாய்ச் சோறுகூட உள்ளே போகவில்லை என்ற வருத்தம்தான் மிஞ்சியது. அடுத்த முறை தனியாகப் போனேன். தெற்கே மெக்கோங் ஆற்று டெல்டாவில் கான் தோ ஊரில், சாலையோரத்தில் தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள் போட்ட ஒரு கடை. நானும் பழக்கதோஷத்தில் பிய்த்துப் பிய்த்துத்தான் தின்ன ஆரம்பித்தேன். கடைக்கார அம்மா இரண்டு வாய் வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எம்" என்று கூப்பிட்டார். தம்பிக்கும் தங்கைக்கும் அங்கே அதுதான் சொல். உள்ளங்கை அகலக் கடுகுக்கீரை ஒன்றை விரித்தார். அதன் மேல் ஊதா நிற தியா தோ இலை, திருநீற்றுப்பச்சிலை, மீன் வாசம் அடிக்கும் தியெப் கா இலை. அதற்கும் மேல் பான் செயோவில் ஒரு துண்டு. இறுக்கிச் சுருட்டி, கிண்ணத்தில் முக்கி என் கையில் கொடுத்தார்.

முதலில் கடுகுக்கீரையின் காரம் மூக்கில் ஏறியது. பிறகு மொறுமொறுப்பு, இறாலின் தித்திப்பு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிற எலுமிச்சைப் புளிப்பு. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட திகட்டலே இல்லை. படம் போட்டவருக்கு உப்பு ஏன் தெரியவில்லை என்றால், உப்பு முழுக்க அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. நெத்திலியை உப்போடு சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த மீன் சாறு, தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை, பூண்டு, மிளகாய். வெறுமனே முகர்ந்தால் வாடை வரும். கலந்த பிறகு வராது.

நகரத்தார் வட்டித் தொழிலுக்காகச் சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) இருந்ததும், மெக்கோங் நெல் வியாபாரத்தில் அவர்கள் பணம் புழங்கியதும், அங்கே மாரியம்மன் கோயில் இன்றும் இருப்பதும் உண்மை. அந்தக் கோயிலில் வியட்நாமியர் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் வைத்து "நம் தோசைதான் அங்கே போய்ப் பான் செயோ ஆனது" என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தோசையின் உயிர் உளுந்திலும் புளிப்பிலும் இருக்கிறது. இதன் உயிர் இலையில். அரிசி விளைகிற ஊரில் மாவைச் சட்டியில் ஊற்றத் தோன்றுவதற்கு யாரும் கப்பலேறி வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொருவர் வீட்டுப் பலகாரத்தை நம் பெயரில் பட்டா போடுவது நியாயம் இல்லை.

சரி, எங்கே சாப்பிடலாம்? சைகோனில் இளஞ்சிவப்பு நிறத் தான் தின் தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம், தின் கொங் ட்ராங் என்ற சிறு தெருவில் 46ஏ என்ற கடை. கதவு எண்தான் கடையின் பெயர். கூட்டமாக இருக்கும், ஆனாலும் உட்காருங்கள். சட்டிகள் வரிசையாகக் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும்.

ஆனால் என் மனம் டெல்டா பக்கம்தான் சாயும். அங்கே வெள்ளக் காலத்தில், செப்டம்பர் அக்டோபர் வாக்கில், மஞ்சள் பூவை உள்ளே வைத்துச் சுடுவார்கள். தியென் தியென் என்பார்கள். நம் சித்தகத்திப் பூதான் அது. நம் வயல் வரப்பில் மாட்டுக்கும் எருவுக்கும் போகிற செடியின் பூ அங்கே பருவம் பார்த்துக் காத்திருந்து வாங்கும் பண்டம். தென்னங்குருத்து வைத்தும் செய்வார்கள். ஆன் யாங் மாகாணத்தில் கம் மலைக்குப் போனால் காட்டு இலைகளையே மலைபோலக் குவித்து வைப்பார்கள், நம் மாந்தளிர் உட்பட. மாந்தளிரின் லேசான துவர்ப்பு இதற்கு அவ்வளவு பொருத்தம்.

நடு வியட்நாமில் பான் செயோ ஆளே மாறிவிடும். சின்னதாக, கொஞ்சம் தடிமனாக இருக்கும். குயி ந்யோனில் உயிரோடு துள்ளும் இறாலைப் போடுவார்கள். தா நாங்கில் ஹோவாங் யியூ சாலையிலிருந்து ஒரு நீளச் சந்துக்குள் போனால் பா யுவோங் கடை. அங்கே அரிசி மாவில் செய்த மெல்லிய தாளில் சுருட்டி, ஈரலும் வேர்க்கடலையும் அரைத்த கெட்டிச் சாற்றில் முக்க வேண்டும். ஹுவேயில் இதன் உறவுக்காரப் பலகாரத்துக்குப் பான் குவாய் என்று பெயர். வடக்கே ஹனோய், ஹாலோங் மட்டும் போகிறவர்கள் இதற்காக அலைய வேண்டாம், அங்கே பூன் சா (சுட்ட பன்றி இறைச்சியோடு வரும் அரிசி நூடுல்ஸ்) சாப்பிடுங்கள்.

சைவக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். சந்திர நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசை, பௌர்ணமியில், ஏராளமான வியட்நாமியர் சைவம்தான். 'சாய்' என்று பலகையில் எழுதிய கடையைத் தேடுங்கள். காளானும் டோஃபுவும் வைத்துப் பான் செயோ கிடைக்கும். தொட்டுக்கொள்வதையும் 'சாய்' என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மீன் சாறு வந்துவிடும்.

திருச்சியிலிருந்து சைகோனுக்கு 2023இல் நேர் விமானம் தொடங்கியதிலிருந்து நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். போகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு சாயங்காலம்தான். மழைக்காலமாக இருந்தால் இன்னும் நல்லது. சைகோன்காரர்கள் மழை பிடித்தாலே பான் செயோவை நினைப்பார்கள். தகரக் கூரையில் மழையும் சட்டியில் மாவும் ஒரே சத்தம் போடும்.