அரசோடு பேசும் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

அரசுத் தொடர்பு, கொள்கைப் பரிந்துரைத் துறையில், அதாவது ஒரு தரப்பின் சார்பில் அரசிடம் சட்டம், விதிகளில் மாற்றம் கேட்டுப் பேசும் வேலையில், இருக்கிறேன் என்று சொன்னால் போதும், "அப்போ மேலிடத்தில் நிறைய பேரைத் தெரியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளும் அதையே நம்புகிறார்கள். ஆள் தெரிந்தால் சந்திக்க நேரம் கிடைக்கும், சரி. போய் உட்கார்ந்த பிறகு?

கையில் ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும். எந்த விதி, எந்த உட்பிரிவு, இப்போதைய வாசகம் என்ன, நாம் கேட்கும் வாசகம் என்ன, மாற்றினால் அரசுக்கு என்ன செலவு, யார் எதிர்ப்பார்கள். "ஏழு நாளுக்குள் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்" என்று ஒரு சட்ட வரைவு சொல்கிறது என்று வையுங்கள். சிறு தொழில்கள் நசிந்துவிடும் என்று மூன்று பக்கம் புலம்பிப் பயனில்லை. "குறிப்பிட்ட விற்றுமுதலுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முப்பது நாள்" என்று, அதிகாரி அப்படியே கோப்பில் எடுத்தாளும்படி எழுதித் தர வேண்டும். அந்தக் கோப்பில் முதல் குறிப்பு எழுதுபவர் பெரும்பாலும் கீழ்நிலை அதிகாரிதான். அவரை மதிக்கத் தெரியாதவர் இந்தத் துறைக்கு வராமல் இருப்பதே நல்லது.

வரைவு நிலையிலேயே போய்விட வேண்டும். சட்டமான பிறகு ஒரு சொல்லை நகர்த்தவும் வருடக்கணக்காகும். இந்தியாவில் 2014-இல் வந்த சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்கச் சொல்கிறது. எல்லா வரைவும் அப்படி வருவதில்லை. வருவதையாவது படிக்கலாமே!

இது பணக்காரக் கம்பெனிகளுக்கான வேலை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாது. 1992-இல் ஆறு தொண்டு அமைப்புகள் சேர்ந்து கண்ணிவெடித் தடைக்கான இயக்கத்தைத் தொடங்கின. 1997-இல் ஒட்டாவாவில் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசும் அந்த இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் கிடைத்தது. வலியவர்களிடம் இந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. எளியவர்கள் பக்கம்தான் ஆள் பற்றாக்குறை. அதனால்தான் நீங்கள் வர வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

ஆனால் ஒளிவுமறைவு கூடாது. அமெரிக்காவில் லாபி செய்பவர்கள், அதாவது ஒரு தரப்புக்காக அரசோடு பேசும் நம்மைப் போன்றவர்கள், பதிவு செய்ய வேண்டும் என்று 1995-இலேயே சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் பொதுப் பதிவேடு இருக்கிறது. கனடாவில் அமைச்சர் பதவியை விட்டவர் ஐந்து ஆண்டுகளுக்கு லாபி பக்கமே வர முடியாது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமே இல்லை. அது வந்தாக வேண்டும், முதலில் கேட்க வேண்டியவர்களும் இத்துறையில் இருக்கும் நாம்தான்.

அதுவரை, வேலைக்கான நேர்காணலில் நீங்களே ஒன்று கேளுங்கள்: "யாருக்காகப் பேசுகிறேன், யார் பணம் தருகிறார்கள் என்பதை ஒவ்வொரு மனுவின் முதல் வரியிலும் எழுத விடுவீர்களா?" தயங்கினால், அந்த வேலை வேண்டாம்.